ஏழு வருட வரவும் ஓர் ஆடிட்டரும்

ஆடிட்டர் கட்டணம் பன்னிரண்டாயிரம் என்று மனைவி சொன்னதும் தச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இழைப்பு மெஷின் வாங்க இரண்டு வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில்தான் கைவைக்க வேண்டும்.

"ஏழு வருஷமா வரிக்கணக்கை நீதானே போடுறே? உன்னைவிட என்னத்தைக் கிழிச்சிடப் போறாரு அந்த ஆடிட்டர்?"

மனைவிக்கு அந்தப் புகழ்ச்சி இனிக்கத்தான் செய்தது. ஆனால் வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்யும் வாரத்தில் அவளுக்குத் தூக்கமே போய்விடும். தச்சருக்கு அது எங்கே தெரியும், படுத்தால் கட்டை. "இந்த ஒரு வருஷம் பார்ப்போங்க. ஒண்ணும் தேறலைன்னா இனிமே நானே போடுறேன்" என்றாள். அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

ஆடிட்டர் ஒரு பெண்மணி. நோட்டுகளைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். போச்சு, மெஷின் பணம் தண்டம் என்று நினைத்துக்கொண்டாள் இவள்.

"இந்த அலமாரிக்கு மொத்தம் எவ்வளவு வாங்கினீங்க?"

"நாற்பதாயிரம். முன்பணம் இருபது, வேலை முடிஞ்சதும் மீதி இருபது."

"வரவுல அறுபது இருக்கேம்மா."

முன்பணம் வந்த அன்று இருபது எழுதியிருந்தாள். பில் போட்ட அன்று முழு நாற்பதையும் எழுதியிருந்தாள். கட்டில், கதவு, மேசை எல்லாவற்றுக்கும் அதே கதைதான். கையில் வராத பணத்துக்கெல்லாம் ஏழு வருடமாக வரி கட்டியிருக்கிறார்கள். அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"தேதி போட்டு எழுதியிருக்கீங்க, அதனால நிரூபிச்சிடலாம். கடைசி மூணு வருஷத்தைத் திருத்திக் கொடுத்தா பணம் திரும்ப வரும். அதுக்கு முந்தினது போனது போனதுதான்." ஆடிட்டர் கால்குலேட்டரைத் தட்டி இவள் பக்கம் திருப்பினார். எழுபத்தெட்டாயிரம்.

பேருந்துக்குக்கூடக் காத்திருக்காமல் பட்டறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அவர் மெச்சிய கெட்டிக்காரத்தனம்? எல்லாம் ஆடிட்டரின் சாமர்த்தியம் என்று சொன்னால் மனுஷன் நம்பிவிடுவார். அப்படித்தான் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டு போனவள், அவரைக் கண்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"தப்பு என்னோடதுங்க. முன்பணத்தையெல்லாம் ரெண்டு தடவை வரவு வச்சிருக்கேன். கூடக் கட்டின வரியில மூணு வருஷத்துது திரும்ப வருமாம்."

ரம்பம் நின்றது. தச்சர் புருவமெல்லாம் மரத்தூளோடு அவளையே பார்த்தார்.

"எவ்வளவு வரும்?"

"எழுபத்தெட்டு."

வாய்கொள்ளாச் சிரிப்போடு மேசை இழுப்பறையைத் திறந்து பன்னிரண்டாயிரத்தை எடுத்தார். யோசித்து, மேலே இரண்டாயிரம் வைத்தார்.

"இந்தா, அந்தம்மாவுக்கு அடுத்த வருஷத்துக்கும் முன்பணம் கொடுத்துட்டு வா. ஆனா இதை அவங்களே எழுதட்டும் தாயே, நீ தொடாதே."