சின்ன பேட்டரி

கருமாதி முடிந்த மறுநாள் காலை, பெட்டியும் கையுமாக வந்த கண்ணன் கார் சாவியை அமுக்கினான். கதவு திறக்கவில்லை. விளக்கு மினுங்கவில்லை.

மத்தியானம் திருச்சியில் விமானம். ஏறாவிட்டால் கத்தாரில் வேலை கிடையாது. ஒரு முறை லீவை நீட்டிக் கொடுத்த மேனேஜர், இன்னொரு முறை கேட்பதாயிருந்தால் ஊரிலேயே இருந்துகொள் என்று போனில் சொல்லிவிட்டான்.

அது பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார். அப்பாவைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காகப் போன லீவில் வாங்கியது. அவர் செத்ததும், தீட்டு வீட்டு வண்டி கருமாதி வரைக்கும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று மாமா பிச்சைமுத்து சொல்லிவிட்டார். வண்டிக்குள் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. துக்கம் கேட்க ஆட்கள் வரும்போதெல்லாம் கண்ணன் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டான். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அமுக்கினால் ரேடியோ மட்டும் பாடும். தானாக நின்றால் மறுபடி அமுக்குவான். பெற்ற அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். உண்மைதான். அவனும் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை.

மாமா, தோப்பில் வேலை செய்த இரண்டு பேரைக் கூட்டி வந்து தள்ளச் சொன்னார். அவருடைய பழைய பெட்ரோல் காரை அப்படித்தான் கிளப்புவார். ஓட்டத்தில் செகண்ட் கியர் போட்டுக் கிளச்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இது ஓர் அங்குலம் நகரவில்லை. கியர் பார்க்கிங்கில் பூட்டியிருந்தது. கிளச்சும் கிடையாது.

கண்ணன் சொன்னான். பெட்ரோல் காரில் இருப்பது ஒரே பேட்டரி, அதுதான் இன்ஜினைச் சுற்றிவிடும். இதில் இரண்டு. பெரியது சக்கரத்தை ஓட்டும், இன்ஜினையும் கிளப்பும். அதில் சார்ஜ் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்துவிட வேண்டிய கம்ப்யூட்டர் சின்ன பேட்டரியில் ஓடுகிறது. ரேடியோ கேட்டுக் கேட்டு அதைத் தீர்த்தாகிவிட்டது.

"குதிரை கொழுத்துக் கெடக்கு, லாயத்துச் சாவியத் தொலைச்சுட்டேங்குற" என்றார் மாமா.

டிராக்டரை ஓட்டி வந்து காருக்கு முன்னால் நிறுத்தினார். இவ்வளவு பெரிய பேட்டரி தேவையில்லை, கம்ப்யூட்டரை எழுப்பினால் போதும், பைக் பேட்டரியே தாங்கும் என்று கண்ணன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. சாவிக்குள் இருந்த இரும்புச் சாவியால் கதவைத் திறந்து கண்ணன் உள்ளே உட்கார்ந்தான். மாமா டிராக்டரை அணைத்துவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டு டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயரை மாட்டினார்.

பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினான். திரை வெளிச்சமானது. 'ரெடி' என்று பச்சை எழுத்து வந்தது. வண்டி கிளம்பிவிட்டது. சத்தம் இல்லை, பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை இன்ஜின் ஓட வேண்டியதில்லை.

"ஒண்ணும் கேக்கலையே மாப்ளை. இன்னொருக்கா அமுக்கு" என்றார் மாமா, பானெட்டுக்குப் பின்னாலிருந்து.

இன்னொரு முறை அமுக்கினால் அணைந்துவிடும்.

அம்மா செங்கமலம் கார்க் கதவருகே வந்து நின்றாள். அப்பா செத்த நாளிலிருந்து அவனிடம் சாப்பிட்டாயா என்பதைத் தவிர எதுவும் கேட்டதில்லை. இரு என்றும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை.

"வரலேன்னா விடேம்ப்பா" என்றாள். "இப்ப என்ன, இருந்துதான் போயேன்."

கண்ணன் பச்சை எழுத்தைப் பார்த்தான். டவுனுக்குப் போய் மெயின் ரோட்டைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம். மாமா மறுபடி சொன்னார், அமுக்கு.

அமுக்கினான். எழுத்து அணைந்தது.

"வரல மாமா" என்றான்.

வாடகை வண்டிக்குச் சொல்லவா என்று மாமா கேட்டார். இனிமேல் சொல்லி அது வந்து சேர நேரமிருக்காது என்றான். அவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒயரைக் கழற்ற ஆரம்பித்தார். அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அரிசி களையும் சத்தம் கேட்டது.

கண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். மேனேஜருக்கு என்ன சொல்வது என்று யோசித்தான். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, சோறு வரும்வரை உட்கார்ந்திருந்தான்.