டைகருக்கு ஆபரேஷன்

முனிரத்தினத்துக்கு இளகிய மனசு என்பதைக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து, ஒரு எலியின் தயவில்தான் அவர் மனைவி அம்பிகா தெரிந்துகொண்டாள்.

இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அவர் சூப்பர்வைசர், அவள் தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் மெஷின் ஓட்டுபவள். மூத்த மகள் பாரதி அடம்பிடித்து வாங்கிய வளர்ப்பு எலிகள் இரண்டு வீட்டில் இருந்தன. இரண்டும் ஆண். பெரியது டைகர், சின்னது பன்னு. ஆறு மாதம் ஒரே துணியில் சுருண்டு தூங்கின. அப்புறம் டைகருக்குத் திடீரென்று பதவி வந்துவிட்டது. கூண்டில் ஒரு இடம் விடாமல் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டுத் தன் பேரில் பட்டா போட்டுக்கொண்டது. பன்னு சாப்பிட வந்தால் முடியைச் சிலிர்த்துக்கொண்டு இடுப்பால் இடித்துத் தள்ளியது. ஒருநாள் காலை பன்னுவின் முதுகு கிழிந்திருந்தது. விலக்கப் போன பாரதியின் கட்டைவிரலிலும் ரத்தம்.

பாரதிக்கு ஊசி போட்ட கையோடு, அம்பிகா லீவு சொல்லிவிட்டு இரண்டையும் வேலூருக்குக் கொண்டுபோனாள். கால்நடை டாக்டர் புஷ்ரா பன்னுவின் காயத்துக்கு மருந்து போட்டார்.

"தனித்தனியா வெச்சிடலாம். ஆனா எலிக்குத் தனியா இருந்தா ஏக்கம் வந்துடும். இல்லன்னா பெருசுக்கு விதை எடுத்துடலாம். நாலஞ்சு வாரத்துல கோவம் கம்மியாகும். மயக்க மருந்துல கொஞ்சம் ரிஸ்க் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். வீட்ல பேசி முடிவு பண்ணுங்க."

வீட்டில் பேசினார்கள். அதாவது, முனிரத்தினம் பேசினார்.

"இன்னா அம்பிகா, வாயில்லா ஜீவனைப் போய் அறுக்கறதா? ஆம்பளைன்னா கொஞ்சம் அதிகாரமாத்தான் இருக்கும்."

"பன்னுவும் ஆம்பளைதாங்க. அதோட முதுகுதான் கிழிஞ்சிருக்கு."

"அது அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். மயக்கம் குடுத்து இது எழுந்திருக்கலன்னா? எழுந்தாலும் எவ்ளோ வலிக்கும்? அதோட மனசு இன்னா ஆவும், யோசிச்சியா?"

பேச்சு எலியின் மனசு வரை வந்துவிட்டதால் அம்பிகா அடுப்பை அணைத்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், இரண்டாவது பிரசவத்துக்கு மறுநாள், ஆஸ்பத்திரி நர்ஸ் இதே முனிரத்தினத்திடம், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆண்களுக்குச் செய்வது சுலபம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாள். "எனக்கு நின்னுக்கினே செய்ற வேலைங்க. இதுக்கே பண்ணிடுங்க, சின்ன ஆபரேஷன்தானே" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். அம்பிகாவின் மெஷினுக்குப் பக்கத்தில் யாரும் நாற்காலி போட்டிருக்கவில்லை.

"எனக்குப் பண்ணப்போ என் மனசு இன்னா ஆச்சுன்னு கேட்டீங்களா?"

"அது வேற, இது வேற."

"ஆமாங்க. அது பொண்டாட்டி, இது எலி."

முனிரத்தினம் எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். சனிக்கிழமை ஆபரேஷன் என்று அம்பிகா போனிலேயே முடிவு செய்துவிட்டாள்.

சனிக்கிழமை அவரும் வந்தார், டைகருக்குத் துணையாக. வெறும் வயிற்றில் இருக்க வேண்டாமா என்று டாக்டரைக் குடைந்தார். எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினி தேவையில்லை என்று புஷ்ரா பொறுமையாகச் சொன்னார். ஆபரேஷன் அறைக் கதவு மூடியதும் முனிரத்தினம் இங்கேயும் அங்கேயும் நடந்தார். அம்பிகா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் இரண்டு பிரசவத்துக்கும் அவர் இப்படி நடந்ததாக அவளுக்கு நினைவில்லை. முதலாவதுக்கு ஓவர்டைம், இரண்டாவதுக்குத் தூக்கம்.

டைகர் கண் விழித்தது. முனிரத்தினம் இரண்டு நாள் லீவு போட்டார். வாழைப்பழத்தை மசித்து விரல் நுனியில் ஊட்டினார். தையலில் வாய் வைக்கிறதா என்று மணிக்கு ஒருமுறை பார்த்தார். "சத்தம் போடாதீங்கடா, உடம்பு சரியில்லாதது தூங்குது" என்று பிள்ளைகளை அதட்டினார்.

ஐந்து வாரம் கழித்து இரண்டையும் ஒன்றாக விட்டார்கள். பன்னு மூலையில் ஒடுங்கி நின்றது. டைகர் மெதுவாக வந்து மோந்து பார்த்தது. பிறகு அதன் காதோரத்தை நக்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே சாய்ந்து படுத்தது. பாரதி கைதட்டினாள்.

கூண்டின் முன்னால் குந்தியிருந்த முனிரத்தினம் திரும்பாமலே கேட்டார். "அப்போ உனக்கு ரொம்ப வலிச்சுதா?"

"வலிச்சுதுங்க."

அவர் தலையாட்டினார். அம்பிகா காத்திருந்தாள்.

"டைகர் கொஞ்சம் எளச்ச மாதிரி இல்ல?" என்றார். "டாக்டருக்கு ஒரு போன் போடேன்."