மூன்று விரல் தூரம்

"நான் வரல. அந்த மருந்து பாட்டிலை நெனச்சாலே குடலைப் பிரட்டுது. போதும்ங்க, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மில்லி கிளம்பத் தயாராகி, கையில் பையோடு நின்றார். மில்லிமீட்டர் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர், புழங்கிப் புழங்கி மில்லி ஆகிவிட்டது. தரைக்கு டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். இரண்டு டைல்ஸுக்கு நடுவே இடைவெளி நூலிழை கூடிவிட்டால் போதும், ஒட்டியதைப் பெயர்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். "யாருக்குங்க தெரியப்போகுது?" என்று வீட்டுக்காரர் கெஞ்சினால், "எனக்குத் தெரியுமே" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

மனைவியின் மார்பில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தாகிவிட்டது. கண்ணுக்குத் தப்பிய புற்றுச் செல்கள் எங்காவது பதுங்கியிருந்தால் அவற்றையும் ஒழித்துவிட வேண்டும் என்றுதான் இப்போது நரம்பு வழியாக மருந்து ஏற்றுகிறார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. மருந்து இரத்தத்தில் கலந்ததும், மூளையில் இருக்கும் காவல்காரன் அதை விஷம் என்று எடுத்துக்கொள்கிறான். உடனே வயிற்றுக்கு உத்தரவு பறக்கிறது: இருப்பதையெல்லாம் வெளியே தள்ளு! காவல்காரன் மேல் தப்பில்லை, அவன் வேலையைத்தான் செய்கிறான். ஆனால் போன தடவை அவள் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மில்லி. தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. இன்னும் பாதி சிகிச்சை மிச்சம். பாதியில் நிறுத்தினால் எடுத்த கட்டி திரும்பி வரலாம்.

"சரிம்மா, வேணாம். ஆனா அதைப் பெரிய டாக்டர்கிட்ட நீயே வந்து சொல்லிடு. எனக்கு வாய் வராது."

"சொல்றேன், எனக்கென்ன பயமா? ஆனா முதல்ல ஊசி டாக்டரைப் பார்க்கணும். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நின்னுட்டா நல்லா இருக்காது."

ஊசி டாக்டர் என்று அவள் சொன்னது அதே ஆஸ்பத்திரியில் அக்குபங்சர் செய்யும் பெண்ணை. மருந்து ஏற்றும் கூடத்துக்கு அடுத்த அறைதான் அவருடையது. ஒரு கட்டில், ஒரு திரை, சுவரில் மனித உடம்பின் படம், மூலையில் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா. அந்த ஊசிக்கு ஓட்டை கிடையாது. அதன் வழியாக எதுவும் உள்ளே போவதில்லை. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். சீல் வைத்த உறையிலிருந்து எடுத்து ஒரே ஒரு தடவை குத்தி, டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

ஆனால் குத்துவதற்கு முன்னால் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் அவர் உறையைப் பிரிக்கவே மாட்டார். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் ஊசி கிடையாது, விரலால் அழுத்துவது மட்டும்தான். ஆபரேஷன் நடந்த வலது பக்கத்துக் கையில் ஊசி குத்தவும் மாட்டார். முதல் நாளே அவர் சொன்னது இதுதான்: "அக்கா, இந்த ஊசி புத்துநோயை ஒண்ணும் பண்ணாது. அதுக்குப் பெரிய டாக்டரோட மருந்துதான். வாந்தியை அடக்க நான் ஒரு கை கொடுப்பேன், அவ்வளவுதான்." மைத்துனன் எங்கிருந்தோ வாங்கிவந்த சீன மூலிகைப் பொடியையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். "உங்க கல்லீரல் இப்ப ஒரு பெரிய விருந்தாளியைக் கவனிச்சிட்டு இருக்கு. இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்காதீங்க."

இன்று மனைவி உள்ளே நுழைந்ததும் உட்காரக்கூட இல்லை.

"டாக்டரம்மா, நான் நிறுத்திக்கறேன். உங்க மேல ஒரு குறையும் இல்ல. இங்க ஊசி போட்டா அன்னைக்கு நல்லாத்தான் இருக்கு. மறுநாள் வீட்டுல ஆரம்பிக்குது பாருங்க, தாங்கல."

"வாந்தி அடங்க மணிக்கட்டுல ஒரு புள்ளி காட்டினேனே, வீட்டுல அண்ணா அதை அழுத்தி விடறாரா?"

"அவரா? வேலைக்குப் போற மாதிரி மணி பார்த்து உட்கார்ந்துடுவார்."

"எங்கே, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க அண்ணா."

மில்லி சட்டைப் பையிலிருந்து சாம்பல் நிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்தார். மனைவியின் மணிக்கட்டு ரேகையில் ஒரு முனையை வைத்து, மறு முனை முடிந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றினார்.

"இது என்னது?"

"அளவுக் கட்டைம்மா" என்றார் மில்லி, கொஞ்சம் பெருமையாகவே. "மணிக்கட்டு ரேகையிலேர்ந்து மூணு விரல் அகலம்னு என் கையிலயே வச்சுக் காட்டினீங்கல்ல? விரலை வச்சு அளந்தா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னே பின்னே போகும். அதான் டேப்பால அளந்து, அதே அளவுக்கு ஒண்ணு வெட்டிட்டேன். இம்மி பிசகாது."

டாக்டர் அந்தப் பட்டையை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு மனைவியின் வலது கையைப் பிடித்து, அவளுடைய மூன்று விரல்களையும் சேர்த்து, அவளுடைய இடது மணிக்கட்டிலேயே படுக்க வைத்தார். விரல்கள் முடிந்த இடத்தில், தோலுக்கடியில் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே, பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். மில்லியின் கட்டைவிரல் அந்தப் புள்ளிக்கு மேலே, முழங்கைப் பக்கமாக, தள்ளி நின்றது.

"எந்த உடம்புல புள்ளி தேடறோமோ, அந்த உடம்புதான் அண்ணா அளவுகோல். நெட்டையோ குட்டையோ, அவங்கவங்க கட்டைவிரல் அகலம்தான் அவங்களுக்கு ஒரு அங்குலம். உங்க கையில உங்க விரல். அக்கா கையில அக்கா விரல். அதை நான் சொல்லியிருக்கணும், என் தப்புதான்."

மில்லி தன் விரல்களைப் பார்த்தார். சிமெண்டும் கல்லும் பழகித் தடித்துப்போன விரல்கள். பக்கத்தில் மனைவியின் விரல்கள், பென்சில் மாதிரி.

"அப்ப நான் இத்தனை நாளா..."

"பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மில்லிமீட்டராம்! ஊர் பூரா பேரு!"

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல? தினமும் கேட்டேனே, வலிக்குதா வலிக்குதான்னு!"

"வலிக்கலைன்னுதானே சொன்னேன்? அது நல்லதுன்னு நெனச்சேன்."

"நானும்தான்!"

டாக்டர் பேனாப் புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்தினார். மனைவி "ஸ்ஸ்" என்றாள். விண்ணென்று ஒரு கனமான வலி, நடுவிரல் வரை இறங்கியது.

"இதுதான். இந்தக் கனம் தெரிஞ்சா சரியான இடம். தெரியலைன்னா கொஞ்சம் நகர்த்தித் தேடணும். அதை அந்த உடம்புக்குள்ளே இருக்கறவங்கதான் சொல்ல முடியும்." பிறகு கேட்டார்: "அக்கா, வாந்தி மாத்திரையை எப்ப போடறீங்க?"

"வாந்தி வந்தப்புறம்தான். சும்மா எதுக்கு மாத்திரை?"

"வந்தப்புறம் போட்டா மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துடுமே. பெரிய டாக்டர்கிட்ட பேசி, முன்னாடியே போடற மாதிரி மாத்தித் தரச் சொல்றேன். இதையெல்லாம் சரி பண்ணா வாந்தியே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா போன தடவை நீங்க பட்டது மொத்தமும் மருந்தால மட்டும் இல்லைன்னு தோணுது. நிறுத்தறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

மனைவி மணிக்கட்டில் இருந்த புள்ளியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஒரு தடவை ஏத்திக்கறேன்" என்றாள் கடைசியில். "அளக்கறது நான். நீங்க கூலியாள், சொன்ன இடத்துல அழுத்தினா போதும்."

"சரிங்க முதலாளி" என்றார் மில்லி.

மருந்து ஏற்றிய மறுநாள் வீட்டில், வாந்தி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு, அவள் தன் விரல்களை வைத்துக் காட்ட, அவர் அழுத்தினார். "கீழே... அய்யோ, அவ்வளவு இல்ல, கொஞ்சம் உள்பக்கம்... ஆங், அங்கதான், அங்கதான்!" குமட்டல் வரத்தான் வந்தது. ஒரு தடவை குளியலறைக்கு ஓடினாள். ஆனால் திரும்பிவந்து குடித்த தண்ணீர் வயிற்றில் நின்றது. அடுத்த நாள் காலை ஒரு முட்டையும் நின்றது. மில்லி அந்தக் காலித் தட்டை, தானே பதித்து முடித்த தரையைப் பார்ப்பதுபோலச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார்.

"தட்டுல என்ன தெரியுது? எடுத்துட்டுப் போய்க் கழுவுங்க" என்றாள். அவர் எழுந்து போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்புறம், ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. அடுத்த தடவை மருந்து ஏத்தும்போது ஜன்னல் பக்கத்து நாற்காலி கிடைக்குமான்னு. நடுவுல உட்கார்ந்தா வெளியே ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."