ராஜகுமாரி அட்டெண்டர்

ஐயாவு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"இப்பவே எதுக்கு?" என்றேன்.

"மேடை ஏறப் போறேன். சட்டை பழகட்டும். ஏய், சால்வையை ரெண்டு கையாலயும் போடணுமா?"

"தலையோட மூடிடாதீங்க, போதும்."

சிரித்துக்கொண்டே குட்வில் எஸ்டேட்டில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போனார். மதியம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். என் கணவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்காகப் போர்ட் பிளேரில் நடக்கும் விழா அது. சிகிச்சையின்போது கூட இருந்தவர்தான் மேடையில் சால்வை போடுவார். அவர் பெயரையும் மைக்கில் சொல்வார்கள். அதற்காகத்தான் நான் ஒத்துக்கொண்டேன். எனக்குச் சிகிச்சை நடந்த ஏழு மாதமும் சென்னை ஆஸ்பத்திரியில் இவருக்குப் பெயரே கிடையாது. நோயாளியோடு கூட இருப்பவரை அங்கே அட்டெண்டர் என்பார்கள். மருந்து வாங்க வேண்டுமென்றாலும், ரத்தம் கொடுக்க ஆள் தேட வேண்டுமென்றாலும், என் பெயரைச் சேர்த்து "ராஜகுமாரி அட்டெண்டர்" என்றுதான் மைக் கூப்பிடும். இவர் ஓடுவார். "இங்க என் பேரு நீதான்" என்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நௌஷாத்துக்குப் போன் செய்தேன். விழாவை நடத்துபவர், அவரும் நோயிலிருந்து மீண்டவர்தான்.

"எனக்கு யாரும் சால்வை போட வேண்டாம் தம்பி. அவர் பேரை மட்டும் சொல்லிடுங்க."

"இறந்தவங்க பேரு வேணாமேக்கா. இப்பத்தான் கீமோ ஆரம்பிச்சவங்கள்லாம் முன்வரிசையில இருப்பாங்க. பயந்துருவாங்க."

"அவருக்குக் கேன்சர் இல்லையே."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னா தெரியும்."

"குஷியான நாள்க்கா. சரி, பாக்குறேன்."

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதனாலேயே எரிச்சல் அதிகமானது.

விழாவன்று ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று மாற்றி மாற்றி இந்திப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் பாடியது. பிள்ளைகள் ஆடினார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் மேடை ஏறினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து முன்பின் பார்த்திராத ஒருவர் சால்வையோடு வந்தார். சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டவராம். "நமஸ்தே பஹன்ஜி" என்று என் தோளில் போட்டார். நல்ல மனிதர்தான்.

நான் மைக்கை எட்டிப் பிடித்தேன். "என் வீட்டுக்காரர் பேரு ஐயாவு. ஏழு மாசம்..." என்று தொடங்கினேன். நன்றி சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைத்து டிரம்ஸ்காரர் அடிக்க ஆரம்பித்துவிட்டார். கூட்டம் தாளத்துக்குக் கைதட்டியது. முன்வரிசையில் தலையில் துணி கட்டியிருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று தட்டினாள். அவளைப் பார்த்துக்கொண்டு என்னால் கத்த முடியவில்லை. இறங்கிவிட்டேன்.

"நான் பேசினது கேட்டுச்சா?" என்றேன் நௌஷாத்திடம்.

"சூப்பர்க்கா. முதல்ல சாப்பிடுங்க."

மறுநாள் அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் படம் வந்தது. நானும் அந்த மனிதரும். கீழே, "ராஜகுமாரி, தன்னைக் கவனித்துக்கொண்டவருடன்." இது தவறு, அவர் பெயர் ஐயாவு, இவர் வேறு ஆள் என்று அதிலேயே எழுதினேன். பதினொரு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் வாழ்த்துச் சொன்னார். நௌஷாத் போனில், "மாத்திடறேன்க்கா, கோச்சுக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டேன்.

எட்டு மாதம் ஆகிறது. இன்று காலையும் திறந்து பார்த்தேன். படத்துக்குக் கீழே அதே வரிதான் இருக்கிறது.