பக்கீர் முகைதீனின் சொந்த வீடு

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. ஆண், கலியாணம் முடித்து அவளுடைய வீட்டில் போய்க் குடியேறுவான். மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை விருந்தாளி மாதிரித்தான். இதில் யாருக்கும் வெட்கமில்லை. சுனாமி வீடுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, தூரத்து அலுவலகங்களிலிருந்து யோசித்தவர்கள் புது வீடுகளைக் குடும்பத் தலைவன் பேரில் எழுதினார்கள். அப்படித்தான் என் மாமனார் பக்கீர் முகைதீனுக்கு எழுபத்தொரு வயதில் முதன்முதலாகச் சொந்த வீடு கிடைத்தது. கிடைத்த கையோடு மறதி நோயும் வந்தது.

மாமி ஹவ்வா உம்மாவைக் கடல் கொண்டுபோனது அவருக்கு நினைவில்லை. பின்னேரமானால், "ஊட்ட போகணும், ஹவ்வா உம்மா தேடுவா" என்று வாசல் படலையைத் திறப்பார். நான் பின்னால் ஓடி, மாமி மௌத்தான கதையைச் சொல்வேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்! அன்றுதான் கேள்விப்பட்டவர்போல அழுவார். மறுநாள் மறுபடியும் படலை.

குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் நானும் என் மனைவி றுக்ஸானாவும். அவருடைய ஆண்மக்கள் இரண்டு பேரும் நிந்தவூரில் பெண்டாட்டி வீடுகளில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய வந்து, வயிறு நிறையத் தின்று, "வாப்பா மெலிஞ்சிட்டார், நல்லாப் பாருங்க மச்சான்" என்று ஏப்பத்தோடு சொல்லிவிட்டு பஸ் ஏறுவார்கள்.

யுத்தம் முடிந்த கிழமை, வீட்டு உறுதிப் பத்திரத்துக்காக அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வீட்டுக்காரர் தன் வாயால் "இது என் வீடு" என்று சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்த ஆளுக்கு. எங்களுக்குப் போக வேறு இடமில்லை. ஏழு நாள் பாடம் நடத்தினேன்.

"மாமா, இது யார்ட ஊடு?"

"என்ட ஊடு," என்பார். வட்டிலப்பம் ஒரு துண்டு கொடுப்பேன்.

அதிகாரி வந்த அன்றும் யுத்தம் முடிந்ததற்காகச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். "எந்த ஊட்டில கலியாணம்?" என்று கேட்டார் மாமா. பேரைச் சரியாகச் சொன்னார். அடையாள அட்டை இலக்கத்தைக்கூடச் சொன்னார். கதவுக்குப் பின்னால் றுக்ஸானா துஆ ஓதிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊடு யார்ட?" என்றார் அதிகாரி.

மாமா அவரை இரக்கத்தோடு பார்த்தார். "ஆம்புளைக்கு ஏது மனே ஊடு? இது ஹவ்வா உம்மாட. கடக்கரைக்குப் போயிரிக்கா. வந்தாக் கேட்டு எழுதுங்க."

நான் குறுக்கே விழுந்தேன். "சேர், அவருக்கு மறதி."

"உங்களுக்கு மறதி இல்லத்தானே? நீங்க சொல்லுங்க, யார்ட ஊடு?"

"என்ட பொண்டாட்டிட ஊடு," என்றேன். வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. பாடம் நடத்திய வாத்தியாரே பெயில்.

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நானும் மருதமுனையில பொண்டாட்டிட ஊட்டிலதான் இரிக்கன்," என்று சொல்லி, றுக்ஸானாவைக் கூப்பிட்டு, அவள் பேருக்கு மாற்ற விண்ணப்பம் எழுதிக்கொண்டார்.

ஆறு மாதத்தில் உறுதி வந்தது. "வாப்பா, ஊடு என்ட பேருக்கு வந்திட்டு," என்று றுக்ஸானா வாசித்துக் காட்டினாள். மாமாவின் முகம் மலர்ந்தது. அன்று அவர் படலைக்குப் போகவில்லை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஆனால் சோற்றை வைத்தும் கை நீட்டவில்லை.

"மகளுக்கு ஊடு குடுத்தாச்சு. இத ஹவ்வா உம்மாக்கிட்டச் சொல்லணும். அவ வரட்டும், மறுகா திம்பம்."

என் வாய் வழக்கம்போலத் திறந்தது. இத்தனை வருசமாக ஒரே மௌத்துக்கு இந்த மனுசனை எத்தனை தடவை அழவைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

"ஓம் மாமா, வரட்டும்," என்று என் சோற்றையும் மூடிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.