நூலக்காவின் நாற்காலி

பார்லரின் ஜன்னலோர நாற்காலி அன்றும் காலியாகவே இருந்தது.

நூலக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, வேலையைத் தொடங்கலாம் என்று டாக்டரே பச்சைக்கொடி காட்டிவிட்டார். என்ன பிரயோஜனம்? முகத்தை நீட்டத்தான் ஆள் இல்லை.

நூலை வைத்துப் புருவம் திருத்துவதில் அந்தத் தெருவுக்கே அவள்தான் ராணி. நூலக்கா என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஆனால் பார்வை மங்கிய நாட்களில், யார் முகத்தில் தவறக் கூடாதோ அந்த முகத்தில் கை தவறிவிட்டது. நாத்தனார் முகம்! வலது புருவம் தடிப்பாகத் தெரிந்தது, கொஞ்சம் எடுத்தாள். இப்போது இடது தடிப்பு. அதிலும் கொஞ்சம். மறுபடி வலது. மாற்றி மாற்றிச் சமன் செய்ததில், கடைசியில் சமன் செய்ய எதுவுமே மிச்சமில்லை.

நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? ஊர் முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள்.

"நீ கவுன்ட்டர்லயே உட்காரேம்மா. பார்லரை நான் பாத்துக்கறேன்," என்றாள் மகள். தன்மையாகத்தான் சொன்னாள். அதுதான் அதிகம் வலித்தது. இன்றும் யாரும் உட்காரவில்லை என்றால், நாற்காலியை எடுத்துவிட்டு அங்கே தலை அலசும் தொட்டி வைப்பதாக ஏற்பாடு.

கதவு திறந்தது. நாத்தனார்!

"சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. இந்தப் புருவத்தைக் கொஞ்சம் சரி பண்ணுடி," என்றாள் மகளிடம்.

மகளின் இரண்டு கையிலும் ஹேர் டை. எதிரே ஒரு டீச்சரின் தலை, பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

"அம்மாகிட்ட உட்காருங்க அத்தை."

"ஐயோ சாமி! முளைச்சதும் போகவா?"

"எனக்குக் கண்ணு சரியாயிடுச்சு," என்றாள் நூலக்கா.

"அப்படியா அண்ணி? எதிர்க்கடை போர்டைப் படிங்க, பாப்போம்."

"போர்டு கிடக்கட்டும். பென்சில்ல வரைஞ்சிருக்கியே, வலது கோடு காதுக்குப் போகுது. இடது மூக்குக்கு இறங்குது. நீ வாசல்ல நுழையறப்பவே பாத்துட்டேன்."

டீச்சர் களுக்கென்று சிரித்தாள். நாத்தனார் கண்ணாடியைப் பார்த்தாள். கோட்டை அவசரமாகத் துடைத்தாள். தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏதாச்சும் ஆச்சு, அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்!"

நூலக்கா கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, நூலின் முனையைப் பல்லில் கடித்தாள். குனிந்தாள். அடேயப்பா! ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. அடுத்த கணம் நூல் விர்ரென்று ஓடியது. நாத்தனார் புலம்பினாள், பயமுறுத்தினாள். நூல் பல்லில் இருந்ததால் நூலக்கா பதிலே பேசவில்லை.

முடிந்தது.

"வலது கொஞ்சம் தடிப்பா இல்ல?" என்றாள் நாத்தனார்.

அன்றும் வலது தடிப்பில்தான் தொடங்கியது! மகளின் கை டீச்சர் தலையிலேயே நின்றது.

நூலக்கா பார்த்தாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"இல்ல. ரெண்டும் சரி. நீதான் தலையைச் சாய்ச்சுக்கிட்டுப் பாக்கறே. நேரா உட்காரு."

நாத்தனார் நிமிர்ந்தாள். பார்த்தாள். இரண்டு புருவத்தையும் விரலால் தடவிக்கொண்டாள்.

"மேலுதட்டையும் எடுத்துடவா? இத்தனை வருஷமா உனக்கு மீசை இருக்கறதே எனக்குத் தெரியாது!"

பார்லர் அதிர்ந்தது. நாத்தனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எடுத்துத் தொலைங்க அண்ணி."

"அடுத்தது நான்," என்றாள் பாதித் தலை டீச்சர்.

நூலக்கா மறுபடி நூலைக் கடித்துக்கொண்டாள். பேச முடியாது. ஒரு விரலை மட்டும் ராணி மாதிரி உயர்த்தினாள்: இரு, வரேன்.