கழற்றத் தெரியாத கைப்பிடி

எங்கள் றப்பர் தோட்டத்து லயத்தில், எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி என்னை முதன்முதலில் இஞ்சினியர் ஆக்கியவர் என் அம்மா. கொழும்புப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டினேன். ஓட்டினேன் என்பதே பெரிய பேச்சு. இரும்பைப் பிடியில் வைப்பேன், கதவைச் சாத்துவேன், பச்சைப் பொத்தானை அமுக்குவேன், வெட்டி முடிந்ததும் வெளியே எடுப்பேன். லீவில் வந்து தெஹியோவிட்டவில் பஸ்ஸை விட்டு இறங்கினால், றப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருப்பவர்கள்கூட "அலன் இஞ்சினியர் வந்துட்டாரு" என்பார்கள். நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. கேட்க இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெயர் ஹலீம் ஹாஜியாரின் காதுக்கும் போனது. மாவனல்லைக்காரர். கரவனெல்லையில் வேர்க்‌ஷொப் வைத்து, றப்பர் ஷீட் அடிக்கும் ரோலர்களுக்குச் சாமான் செய்து கொடுக்கிறார். அங்கே இரும்பைச் சீவி வெட்டும் ஒரு பழைய மில்லிங் மெஷின் இருந்தது. இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் மேசையை நகர்த்த மூன்று கைச்சக்கரங்கள்; கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் மேசை நூலளவாக நகரும். அதற்கு சேர்வோ மோட்டார் பூட்டிக் கம்ப்யூட்டரால் ஓடவைக்க வேண்டும் என்பது ஹாஜியாரின் ஆசை. "உங்களால ஏலுமா சேர்?" என்று கேட்டார். கொழும்பு வேலை போய் நான் வீட்டில் குந்தியிருந்த நேரம். ஏலும் என்றேன்.

அந்த மெஷினைப் பதினாலு வருடமாக ஓட்டியவன் அருளப்பன். அவனும் எங்கள் லயம்தான். ஒரே வகுப்பு, உட்கார்ந்த வாங்கும் ஒன்று. என்னோடு ஆற்றில் குதித்துக் குளித்தவன், ஹாஜியார் சொல்கிறாரே என்று அவனும் என்னை "சேர்" என்றான். முதல் நாளே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மோட்டார்களைப் பூட்டினேன். அந்த வேலை ஒன்றும் மோசமில்லை. மேசை சொன்ன இடத்துக்குப் போய், சொன்ன இடத்தில் நின்றது. ஆனால் மோட்டார் பெட்டியோடு வந்த தாளில் ஒரு விஷயம் பெரிய எழுத்தில் இருந்தது. கைச்சக்கரங்களைக் கழற்றிவிட வேண்டும். மோட்டார் சுழலும்போது சக்கரமும் கைப்பிடியும் சேர்ந்து சுழலும். குறுக்கே வந்த கை உடையும்.

இரண்டு சக்கரங்களைக் கழற்றினேன். மேசையின் வலது முனையில் இருந்த மூன்றாவது வரவில்லை. அதைத் தண்டோடு சேர்த்துப் பிடித்திருந்த ஆணிக்கு ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெலிவு. மெலிந்த பக்கத்திலிருந்து தட்டினால்தான் வெளியே வரும். அது எனக்குத் தெரியாது. தடித்த பக்கத்தில் அரை மணி நேரம் சுத்தியலால் அடித்து இன்னும் இறுக்கிவிட்டேன். அருளப்பனைக் கேட்டிருந்தால் இரண்டு தட்டில் கழற்றித் தந்திருப்பான். ஒரு இஞ்சினியர் போய் அதைக் கேட்பதா? ஹாஜியார் எட்டிப் பார்த்தபோது, "இது ஒண்ணு இருக்கட்டும் ஹாஜியார், கரண்ட் போனா கையால சுத்தலாம்" என்றேன். அவர் என் மூளையைப் பாராட்டிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். வெட்டு முடிந்து மேசை நின்றது. "அந்த வலது முனையில இருக்குற இரும்புத் தூளக் கூட்டி விடு" என்று அருளப்பனிடம் நான்தான் சொன்னேன். மேசை தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டிய கடைசிக் கட்டளை ஒன்று மிச்சமிருந்ததை மறந்துவிட்டேன். அவன் கையை நீட்டினான். மேசை முழு வேகத்தில் ஓடியது. சுழன்ற கைப்பிடி அவன் வலது மணிக்கட்டில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஹாஜியார் ஓடி வந்தார். "என்ன நடந்தெண்டு செல்லுங்க" என்றார். அருளப்பன் பக்கத்திலேயே ட்ரொலியில் கிடந்தான்.

"ஓடுற மெஷின்ல கைய வச்சிட்டாருங்க. எத்தன தரம் சொல்லியிருப்பேன்" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வாய் தவறவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். அருளப்பன் என்னைப் பார்த்தான். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பி, "என் கவனப் பிழைதாங்க ஹாஜியார். சேர் சொல்லியிருப்பாரு" என்றான். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் விடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வேர்க்‌ஷொப்புக்குப் போய், அந்தச் சக்கரத்தை அறுத்து எடுத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டேன்.

பத்தாம் நாள் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். "அருளப்பன இனி எடுக்க ஏலா. கவனமில்லாத மனிசன மெஷின்ல உட்டா நாளைக்கு உசிரே போகும். ஒரே தோட்டம்தானே, அவர்ட சாமான நீங்களே குடுத்துடுங்க." அவன் வேலைக்குக் கட்டும் சாரம், சோற்றுப் பெட்டி, ஒரு சேர்ட். எல்லாம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டன. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அருளப்பனின் மனைவி ரோசலின் கதிரையைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க சேர்" என்று பிளேன்டீ ஊற்றித் தந்தாள். கட்டிலில் அருளப்பன், கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. பையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. புருசன் பக்கம் திரும்பினாள்.

"கண்ண எங்க வச்சிருந்தீங்கன்னு பத்து நாளா கேக்குறேன். இப்ப வேலையும் போச்சா?"

அவன் என்னிடம் சொன்னான்: "எனக்கே வெளங்கலங்க சேர். மெஷின் ஓஞ்சுச்சான்னு பாக்காம பதினாலு வருசமா நீட்டாத கை. அன்னிக்கு ஏன் நீட்டுனேன்? படுத்தா அதே நெனப்புதான்."

இவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவனோ உண்மையிலேயே தன்னைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தான். நான் போனை எடுத்து ஹாஜியாரைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஹாஜியார், அருளப்பன் மேல பிழை இல்ல. அந்தக் கைப்பிடியக் கழட்டச் சொல்லித் தாள்லயே இருந்துச்சு. எனக்குக் கழட்டத் தெரியல. கேக்க வெக்கப்பட்டு அப்படியே விட்டுட்டேன். தூளக் கூட்டச் சொன்னதும் நான்தான். ஆஸ்பத்திரியில சொன்னது பொய். நான் இஞ்சினியரும் இல்ல, பொத்தான் அமுக்குனவன்."

ஹாஜியார், "கை சொகமான பொறகு அருளப்பன வரச் செல்லுங்க. நீங்க வர வாணாம்" என்று வைத்துவிட்டார்.

இனி விழப்போகும் திட்டுக்காகத் தலை குனிந்து காத்திருந்தேன். ரோசலின் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பத்து நாளா உங்கள என்னென்னமோ பேசிட்டேனே. எருமன்னுகூடச் சொன்னேன்" என்று அழுதாள். "என்னய மன்னிச்சிருங்க."

"அழாத" என்றான் அருளப்பன். "நானும் என்னய அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தவன் நான் ஒருவன்தான். கேட்டவள் அவள்.